எல்லாம் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பில் சலிப்பு: பெற்றோர் எங்கே தொடங்குவது?

ஆசிரியர் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பிள்ளை விடையைச் சொல்லிவிடும். மீதி நேரம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரையும், பக்கத்துப் பிள்ளையைப் பேச்சுக்கு இழுக்கும், ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும். வீட்டுக்கு வந்தால் "ஸ்கூல் ஒரே போர்" என்ற புகார். தெரிந்த கேள்வி பதிலையே மூன்று முறை எழுதி வரச் சொன்னால் கண்ணீர். ஆனாலும் பருவத் தேர்வில் மதிப்பெண் நன்றாகவே வந்துவிடும் என்பதால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. சில ஆண்டுகள் கழித்து மதிப்பெண்ணும் இறங்கும்போதுதான் "நல்லாப் படிச்ச பிள்ளையாச்சே, என்ன ஆச்சு?" என்று கேட்கத் தொடங்குகிறோம்.

உழைக்காமலே எல்லாம் வந்துவிடுகிற பிள்ளைக்கு, எப்படி உழைத்துப் படிப்பது என்பதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை நினைவாற்றலும் வேகமும் இழுத்துக்கொண்டு போய்விடும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலும் கணக்கும் அப்படி விடாது. பத்தாவதில் 480-க்கு மேல் எடுத்த பிள்ளை பதினொன்றாவது காலாண்டுத் தேர்வில் திகைத்து நிற்பதை எந்த மேல்நிலைப் பள்ளி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே கைக்கு எளிதில் எட்டாத ஒன்றைப் பிள்ளை சின்ன வயதிலேயே, வாரம் தவறாமல், சந்திக்க வேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் அதற்கான வழிகள்தான். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில், சலிப்புதானா என்று பாருங்கள்

"போர்" என்ற ஒரு சொல்லுக்குள் பிள்ளைகள் பலவற்றை ஒளித்துவைப்பார்கள். பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் போர் என்கும். இடைவேளையில் யாரோ கேலி செய்வதைச் சொல்லத் தெரியாத பிள்ளையும் அதையேதான் சொல்லும். எனவே ஒரு வாரம் கவனியுங்கள். "இன்னிக்கு ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இன்னிக்கு எந்த பீரியட் சீக்கிரம் முடிஞ்ச மாதிரி இருந்துச்சு? எது முடியவே மாட்டேங்குதுன்னு இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பாடம் மட்டும் இழுக்கிறதா, ஒரே ஒரு ஆசிரியரின் வகுப்பு மட்டுமா, எல்லாமேவா என்பது தெரியவரும். கண் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். நன்றாகப் பேசும், கேட்டதை உடனே புரிந்துகொள்ளும் பிள்ளை, எழுதும்போதும் வாசிக்கும்போதும் மட்டும் மிகவும் திணறினால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அது இருக்கலாம். கெட்டிக்காரத்தனம் அதை மறைத்துவிடுவதால் வெளியே தெரியத் தாமதமாகும், அவ்வளவுதான்.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். தமிழ்நாடு அரசின் 6 முதல் 8 வரையான கணக்குப் பாடநூல்களில் பயிற்சிகளின் கடைசியில் 'மேற்சிந்தனைக் கணக்குகள்' என்று ஒரு பகுதி வரும். நேர நெருக்கடியில் பல வகுப்புகளில் அதைத் தொடுவதே இல்லை. பிள்ளை "தெரியும்" என்று சொல்கிற பாடத்திலிருந்து அப்படி இரண்டு கணக்கு கொடுங்கள். விடை மட்டும் போதாது, ஏன் அப்படிச் செய்தாய் என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். சிபிஎஸ்இ பிள்ளை என்றால் என்சிஇஆர்டியின் எக்ஸெம்ப்ளர் என்ற பயிற்சி நூலில் உள்ள கணக்குகள் இதற்கு உதவும். தெளிவாக விளக்கிவிட்டால் பிள்ளைக்கு உண்மையிலேயே வகுப்பு போதவில்லை. விடை வந்து விளக்கம் வரவில்லை என்றால், பாடம் மேலோட்டமாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆழம் இல்லாததை வேகம் மறைத்திருக்கிறது. எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான். ஆனால் ஆசிரியரிடம் போய்ப் பேசுமுன் இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் பாராட்டும் விதத்தை மாற்றுங்கள்

"இவன் பயங்கர பிரில்லியன்ட்", "எங்க பொண்ணு படிக்கவே மாட்டா, ஆனா ஃபர்ஸ்ட் வந்துடுவா" என்று விருந்தாளிகள் முன்னால் பெருமையாகச் சொல்கிறோம். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கஷ்டப்பட்டுப் படித்தால் தான் கெட்டிக்காரி இல்லை என்றாகிவிடுமோ என்ற பயம் அங்கேதான் விதைக்கப்படுகிறது.

கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, செய்து முடித்ததும் சிலரை "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டினார்கள். சிலரை "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டினார்கள். அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்கள் அடுத்து எளிதானதையே நாடினார்கள். கடினமான புதிரில் ஒருமுறை தோற்றபின் பழைய புதிர்களையும் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. 100-க்கு 100 வாங்கி வந்தால் "சரி, இது உனக்குச் சுலபமா இருந்திருக்கு. இதுல புதுசா என்ன கத்துக்கிட்ட?" என்று கேளுங்கள். அரைமணி நேரம் போராடியும் முடிக்காமல் விட்ட கணக்கைப் பார்த்தால் "மூணு வழி முயற்சி பண்ணியிருக்கியே, எங்க நின்னுபோச்சுன்னு காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். அண்ணன் தம்பியோடும் அத்தை பிள்ளையோடும் ஒப்பிடுவதை அடியோடு விட்டுவிடுங்கள், உங்கள் பிள்ளை அதில் ஜெயிக்கிற பக்கம் இருந்தாலும்.

ஆசிரியரிடம் பேசும் முறை

பெரும்பாலான பெற்றோர் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது இதைப் பேசாதீர்கள். முன்கூட்டிக் கேட்டு, பள்ளி முடிந்த பிறகு பத்து நிமிடம் வாங்குங்கள். "உங்க கிளாஸ் அவளுக்குப் போர் அடிக்குதாம்" என்று ஆரம்பித்தால் அத்தோடு கதை முடிந்தது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பாடத்திட்டத்தையும் முடித்து, பதிவேடுகளையும் எழுதும் ஒருவரிடம் அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. வேறு மாதிரி தொடங்கலாம்: "மிஸ், கிளாஸ்ல பேசிட்டே இருக்கான்னு டைரியில எழுதியிருந்தீங்க. வீட்லயும் கவனிச்சோம். வேலைய முடிச்சதும் என்ன செய்யறதுன்னு தெரியாம இருக்கான்னு தோணுது. உங்களுக்கு என்ன தோணுது?" இப்படிக் கேட்டால் ஆசிரியரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார். அவர் பார்த்த பிள்ளையும் நீங்கள் பார்த்த பிள்ளையும் வேறுவேறாக இருக்கலாம். அவர் சொல்வதை உண்மையாகவே கேளுங்கள்.

அப்புறம் கேட்க வேண்டியதைக் குறிப்பாகக் கேளுங்கள். "கொஞ்சம் ஸ்பெஷலா கவனிங்க" என்பதில் அவர் செய்ய ஒன்றும் இல்லை. நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய, அவருக்குக் கூடுதல் வேலை வைக்காத சிலவற்றைச் சொல்கிறேன். வகுப்புவேலையை முடித்து நோட்டைக் காட்டிய பிறகு, பையிலிருந்து தன் புத்தகத்தையோ தனிக் கணக்கு நோட்டையோ எடுக்க அனுமதி. ஒரே மாதிரிக் கணக்கு பத்து இருந்தால் கடினமான மூன்றை மட்டும் செய்துவிட்டு, மீதிக்குப் பதில் மேற்சிந்தனைக் கணக்கு செய்ய அனுமதி. கேள்வி பதிலை மூன்று முறை எழுதுவதற்குப் பதில், அதே பாடத்திலிருந்து தானே மூன்று கேள்வி தயாரித்து எழுதி வர அனுமதி. இந்த மூன்றாவதைப் பல ஆசிரியர்கள் விரும்பி ஏற்பார்கள், ஏனென்றால் நல்ல கேள்விகள் அவர்களுக்கும் பயன்படும்.

"சீக்கிரம் முடிச்சா மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடு" என்பது பள்ளிகளில் வழக்கமான தீர்வு. அவ்வப்போது நல்லதுதான். ஒன்றை இன்னொருவருக்குப் புரியவைக்கும்போது தனக்கும் தெளிவாகும், பொறுமையும் வரும். ஆனால் தினமும் அதுவே வேலையானால் பிள்ளை புதிதாக எதையும் கற்காமல் உதவி ஆசிரியராகவே ஆண்டைக் கழித்துவிடும். லீடர் பொறுப்பும் அப்படித்தான். பேசுகிறவர் பெயரைப் பலகையில் எழுதுவது மூளைக்குத் தீனி ஆகாது.

ஆசிரியர் மறுத்துவிட்டால்? ஒரு மாதம் விட்டு மறுபடி கேளுங்கள். இந்த இடைவெளியில் பிள்ளையின் நோட்டு சுத்தமாக, ஹோம்வொர்க் ஒழுங்காக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல சிபாரிசு இல்லை. தலைமை ஆசிரியரிடம் போவது அதற்கடுத்த படி. அங்கும் புகாராக இல்லாமல், வேறு பிள்ளைகளுக்கும் பயன்படும் ஒன்றைக் கொண்டுபோங்கள். வாரம் ஒரு புதிர் ஒட்டும் பலகை, நூலகப் புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துப் போகும் வசதி போன்றவை. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசலாம்.

முன்னால் ஓடவிட வேண்டாம், ஆழமாகப் போகவிடுங்கள்

கெட்டிக்காரப் பிள்ளை என்றதும் அடுத்த வகுப்புப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது, ஆறாம் வகுப்பிலேயே நீட், ஜேஇஇ ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்ப்பது இரண்டும் நம் ஊரில் சாதாரணம். நான் இரண்டையும் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த ஆண்டுப் பாடத்தை இப்போதே முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு வகுப்பு இன்னும் சலிப்பாகத்தானே இருக்கும்? ஒரு வகுப்பைத் தாண்டி அடுத்ததில் சேர்க்கும் பழைய காலத்து டபுள் புரமோஷனிலும் இதே தொல்லைதான், அதோடு வயதில் மூத்த பிள்ளைகளுக்கு நடுவே தனித்துப்போகும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

ஆழம் என்றால் என்ன என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. கழித்தல் மட்டும் தெரிந்தால் போதும், நான்காம் வகுப்புப் பிள்ளையே செய்யலாம். நான்கு இலக்க எண் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. 3524 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதினால் 5432, ஏறுவரிசையில் 2345. கழித்தால் 3087. அதையும் அப்படியே செய்ய, 8730-லிருந்து 0378 போக 8352. மறுபடி, 8532-லிருந்து 2358 போக 6174. இன்னொரு முறை செய்தால், 7641-லிருந்து 1467 போக மறுபடியும் 6174! எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிகளில் 6174-இல் வந்து நின்றுவிடும். இதைக் கண்டுபிடித்தவர் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேகர், ஆண்டு 1949.

இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று இலக்க எண்ணுக்கு என்ன ஆகும், இரண்டு இலக்க எண்ணுக்கு என்ன ஆகும் என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். மூன்று இலக்கத்தில் 495-இல் நிற்கும். இரண்டு இலக்கத்தில் எங்குமே நிற்காது. 9, 81, 63, 27, 45 என்று வந்து மறுபடி 9-க்கே போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தச் சுற்றைத் தானே பார்க்கும் பிள்ளை அடுத்து கேட்பது "ஏன்?" என்பதுதான். எல்லாமே ஏன் ஒன்பதின் மடங்காக வருகிறது? அதற்கு விடை தேடப் போனால் இட மதிப்பு, வகுபடும் தன்மை, அப்புறம் இயற்கணிதம் என்று வழி நீண்டுகொண்டே போகும். பாடத்திட்டத்தில் ஒரு பக்கம்கூட முன்னால் போகவில்லை. ஆனால் வாரக்கணக்கில் யோசிக்க விஷயம் கிடைத்துவிட்டது.

மொழியில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இதே வேலையைச் செய்வது வெண்பா. குறள் வெண்பா ஒன்று எழுதச் சொல்லுங்கள். முதலடியில் நான்கு சீர், இரண்டாமடியில் மூன்று, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும், நடுவில் எங்கும் தளை தட்டக் கூடாது. கட்டுரைப் போட்டியில் தூங்கிக்கொண்டே பரிசு வாங்கும் பிள்ளையும் இதில் திணறும். திணறட்டும். அலகிடத் தெரிந்த தமிழாசிரியர் ஒருவர் துணை இருந்தால் போதும்.

வெளியே அலைவதில் பிரியமுள்ள பிள்ளை என்றால் பறவைகளைக் கணக்கெடுக்கப் பழக்குங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை இபேர்ட் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், சந்தேகம் இருந்தால் எழுதக் கூடாது என்ற ஒழுங்கை இதைவிட நன்றாகக் கற்றுத் தரும் வகுப்பு எனக்குத் தெரியாது.

தெரியாமல் உட்காரப் பழக்குதல்

இப்படிக் கடினமான ஒன்றை முதன்முதலாகக் கொடுக்கும்போது பிள்ளை உங்களுக்கு ஏமாற்றம் தரும் என்று எதிர்பாருங்கள். ஆசையாகப் பாயும் என்று நினைத்திருப்பீர்கள். "இது மொக்கை" என்று தள்ளிவிடும், அல்லது அழும். இதுவரை எதிலும் மாட்டிக்கொள்ளாத பிள்ளைக்கு மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதைத் தன் குறையாக எடுத்துக்கொள்ளும்.

வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். ஒரே ஒரு கேள்வி. நேரம் முடிந்தால் முடிக்காவிட்டாலும் நோட்டை மூடிவிட வேண்டும். விடையை நீங்கள் சொல்லவே கூடாது, தெரிந்திருந்தாலும். "சின்ன எண்ணை வச்சுப் பாரேன்", "படம் போட்டுப் பாரேன்", "இதுவரை என்ன கண்டுபிடிச்ச, ஒரு தடவை சொல்லு" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கே விடை தெரியாத கேள்வி என்றால் இன்னும் நல்லது. அம்மாவும் அப்பாவும் தலையைச் சொறிந்துகொண்டு உட்காருவதைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

சதுரங்கம் இதற்குக் கைகொடுக்கும், ஒரே காரணத்துக்காக: உங்கள் பிள்ளையைவிட நன்றாக ஆடும் ஒரு பிள்ளை எப்போதும் எதிரில் கிடைப்பார். வயலின், வீணை, மிருதங்கம் போன்றவையும் அப்படித்தான். கையும் காதும் வேகமான மூளைக்குக் கட்டுப்படாது, சாதகம் செய்தாக வேண்டும்.

தேர்வுகளும் போட்டிகளும்

இவை ஒரு இலக்கு தரும், நல்ல கேள்விகளும் தரும். ஆனால் ஒரே ஆண்டில் எல்லாவற்றிலும் சேர்த்துவிடாதீர்கள். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்களுக்கு என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதில் மனத்திறன் தேர்வு என்ற பகுதி, பாடப்புத்தகத்துக்கு வெளியே யோசிக்கவைப்பது, பிள்ளைக்குப் பிடிக்கும். கிராமப்புறப் பள்ளி என்றால் ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது.

கணக்கில் ஆர்வம் உண்மையிலேயே பெரிதாக இருந்தால் எட்டாம் வகுப்பிலிருந்து ஐஓக்யூஎம் எழுதலாம். கணித ஒலிம்பியாட்டின் முதல் படி அது. மூன்று மணி நேரம், முப்பது கேள்வி. வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை இதில் நான்கைந்து கேள்வி செய்தாலே நல்ல தொடக்கம்தான் என்பதை முன்னதாகவே சொல்லி அனுப்புங்கள். தனியார் நிறுவனங்கள் ஒலிம்பியாட் என்ற பெயரில் பள்ளிகள் வழியே நடத்தும் பல தேர்வுகள் வேறு ரகம். பணம் கட்டினால் மெடல் கிடைக்கும், பிள்ளைக்குச் சவால் கிடைப்பது அரிது.

செய்துபார்ப்பதில் ஆர்வம் இருந்தால் பள்ளி வழியாக மாணவர்களின் புதிய யோசனைகளுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு யோசனையை அனுப்பலாம்; தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளை உங்கள் பகுதியில் இருந்தால் குழந்தைகள் அறிவியல் மாநாடு பற்றிக் கேளுங்கள். அவர்கள் நடத்தும் துளிர் மாத இதழ் வீட்டுக்கு வருவதும் நல்லது. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் சிறுவர் பகுதி இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். இப்படிப்பட்ட இடங்களில்தான் தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையையும் பார்க்க முடியும். மாதம் ஒருமுறை பார்த்தாலும் அந்த நட்பு, நாம் சொல்லும் எந்த அறிவுரையையும் விடப் பெரிது.

பிடிக்காத வேலையையும் செய்யத்தான் வேண்டும்

ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்றதால் அந்த உதவித்தொகையை இழந்தார். எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு நெருக்கடி வர வேண்டியதில்லை. சமூக அறிவியல் நோட்டு முடிக்கப்பட வேண்டும், வரைபடத்தில் இடம் குறிக்கப்பட வேண்டும். சலிப்பான வேலையை நாளின் ஒரே நேரத்தில், கடிகாரம் வைத்து, முதலில் முடித்துவிடும் பழக்கத்தை உண்டாக்குங்கள். அது முடிந்த பிறகுதான் பிடித்த கணக்கு. கணக்கில் படிகளை எழுதாமல் விடையை மட்டும் எழுதுவது இத்தகைய பிள்ளைகளின் பொதுவான வழக்கம். பொதுத் தேர்வில் படிகளுக்கும் மதிப்பெண் உண்டு என்பது ஒரு காரணம். "உன் விடையை உன் தம்பி படிச்சா அவனுக்குப் புரியணும்" என்பது பிள்ளைக்கு இன்னும் நன்றாக ஏறும் காரணம்.

காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள் முடிந்ததும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். மதிப்பெண்ணைப் பற்றி இல்லை. இந்த மூன்று மாதத்தில் எது கடினமாக இருந்தது என்று. "எதுவுமே இல்லை" என்று சொன்னால் கொடுப்பதைக் கூட்டுங்கள். "எல்லாமே" என்றால் ஏதோ ஒன்றை நிறுத்துங்கள். காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று பள்ளியைத் தவிர்ப்பது, தூக்கம் கெடுவது, பிடித்த விஷயங்களிலும் ஆர்வம் போவது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் அதைச் சலிப்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடமோ குழந்தைகள் மனநல ஆலோசகரிடமோ காட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பள்ளியை மாற்றலாமா என்று யோசிப்பவர்கள், புதுப் பள்ளிக்குப் போகும்போது கட்டடத்தையும் ரிசல்ட் பேனரையும் பார்த்துவிட்டு வராதீர்கள். நூலகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புத்தகங்கள் கசங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். வேலையைச் சீக்கிரம் முடித்த பிள்ளை இங்கே என்ன செய்யும் என்று வகுப்பாசிரியரிடமே கேளுங்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் வகுப்பில் இருக்கும் ஏதோ ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பள்ளியில் சேர்க்கலாம்.